முயல் கூளத்துக்கு வாரிசு

என் மகள் வீட்டு முயல்கள் இரண்டும் என்னைவிட உயர்ந்த படுக்கையில் படுக்கின்றன. என்னுடையது ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை. உறை பலமுறை மாறியிருக்கிறது, பஞ்சு மாறவில்லை. முயல்களுக்கோ வாரம் தவறாமல் புதுப்படுக்கை. அதற்கு ‘பெட்டிங்’ என்று பெயர். மூட்டையாக வாசலுக்கே வந்துவிடுகிறது. மூட்டையின் மேல் ஒரு பச்சை இலை, உருண்டைப் பூமியைத் தாங்கும் இரண்டு கைகள், முழுக்க மக்கும் என்ற உறுதிமொழி எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிட்டிருப்பது, பல்லால் கடித்தாலும் கிழியாத பிளாஸ்டிக் பையில்.

உள்ளே இருப்பது காகிதம். இந்த வீட்டில் செய்தித்தாளை நிறுத்திப் பல காலம் ஆகிறது. “மரத்தை வெட்டித்தானேப்பா பேப்பர் செய்யறாங்க, போன்லயே படிச்சுக்கலாம்” என்றாள் மகள். நியாயமாகத்தான் பட்டது. பிறகு முயல் வந்தது. முயலுக்குக் கீழே விரிக்க வீட்டில் ஒரு தாள் கிடையாது. அதனால் யாரோ எங்கோ காகிதத்தைக் கூழாக்கி, காயவைத்து, துருவலாக்கி விற்பதைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம். இன்றைக்கு இந்த வீட்டில் தினமும் பேப்பரைப் புரட்டுகிறவை முயல்கள் மட்டும்தான். பழைய பேப்பர்காரர் தராசோடு வந்து நமக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனதும் இந்தக் காகிதத்துக்குத்தான்.

அறுபதுகளில் தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டிலும் முயல் இருந்தது. ஊட்டிக்கு வேலைக்குப் போயிருந்த மாமா ஒரு ஜோடியைச் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். செல்லப்பிராணி என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு மனசுக்குள் ஒரு மசாலாக் கணக்கு. பிற்காலத்தில் கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்றெல்லாம் கறி முயல்களை வளர்க்கிறது என்று படித்தபோது, மாமா காலத்தை முந்திக்கொண்டவர் என்று தோன்றியது. பேத்தியிடம் இந்த மசாலாப் பகுதியை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் முயல்கள் இருந்தது தேயிலை வந்த பலகைப் பெட்டியில். முன்பக்கம் கம்பி வலை. அடியில் அந்தந்தப் பருவத்தில் எது மிஞ்சியதோ அது. கடலை உரித்த மாதம் கடலைத்தோல். மற்றபடி சோளத்தட்டில் மாடு கழித்த சோகை. ஆசாரி வந்து கதவு செய்த வாரத்தில் மட்டும் இழைப்புளிச் சீவல், அது முயல்களுக்குத் தீபாவளி. செள்ளுப் பிடிக்காமலிருக்க மேலே ஒரு கொத்து வேப்பந்தழை. உமியும் மரத்தூளும் முயல் வரைக்கும் வந்து சேராது. உமிக்கு அடுப்பு காத்திருந்தது, கரியாகிப் பல் விளக்கும் வேலையும் காத்திருந்தது. மரத்தூளோ, தகர டின்னில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் இடித்து நிரப்பினால் ஒரு வேளைச் சமையலை முடித்துக் கொடுக்கும். பெட்டிங் என்று இன்று விற்கிற பொருள்களில் பாதிக்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு உத்தியோகம் இருந்தது.

ஊறிப்போன கூளத்தை எங்கே கொட்டுவது என்று அப்பத்தாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கேள்வியே விளங்கியிருக்காது. கட்டுத்தரைக்கு வடக்கே எருக்குழி. மாட்டுச் சாணி, ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், மூத்திரம் ஊறிய கட்டுத்தரை மண், கூட்டிய சருகு, வாழைப்பட்டை, முயல் பெட்டியின் அடிக்கூளம் எல்லாம் ஒரே குழிக்கு. போகக்கூடாதவை மூன்றுதான்: முள், கண்ணாடி வளையல் துண்டு, கோரைக்கிழங்கு. அந்த மூன்றில் எதையாவது போட்டவன் அன்றைக்குச் சோறு தின்னும்போது முழுப் பேச்சையும் கேட்டுக்கொண்டேதான் தின்ன வேண்டும்.

இதையேதான் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் அளந்து, குறித்து, முறையாக்கினார். செடிகொடிக் கழிவை மாட்டுக்கு அடியில் படுக்கையாகப் பரப்ப வேண்டும். மூத்திரம் ஊறிய அந்தப் படுக்கையையும் தொழுவத்து மண்ணையும் சாணத்தோடும் சாம்பலோடும் அடுக்கி, ஈரம் பார்த்து, புரட்டிவிட வேண்டும். சில மாதங்களில் உரம். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். உலகம் அதை இந்தூர் முறை என்கிறது. ஹோவர்ட் நேர்மையானவர். இந்திய விவசாயிகளையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொல்லிக்கொண்டவர். தனக்கும் அதில் ஒரு பேராசிரியர் பதவி இருந்தது தெரியாமலே எங்கள் அப்பத்தா போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் குழிக்கு மதிப்பு எவ்வளவு என்பது பாகப்பிரிவினையின்போது தெரிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது பத்திரத்தில் கிணறு, களம், வண்டித்தடம் ஆகியவற்றோடு எருக்குழியும் ஏறியது. சரிபாதி. நடுவே ஒரு பூவரசங் குச்சியை ஊன்றினார்கள். அன்றிலிருந்து சித்தப்பா வீட்டுக் கோழிகள் எங்கள் பாதியில்தான் கிளறுகின்றன என்று அம்மாவுக்கு ஒரு நிரந்தர வழக்கு. முயல் கூளம் எந்தப் பாதிக்கு என்பதில் பெரிய தகராறே நடந்தது. முயல்களுக்குத் தழை போடுவது சித்தப்பா மகன், பெட்டி இருந்தது எங்கள் தாழ்வாரம். ஒரு கூடைக் கூளத்துக்கு இரண்டு பங்காளிகள் பஞ்சாயத்து வைத்த ஊர் அது. ஆட்டுக்காரர் ஒரு ராத்திரி நம் காட்டில் பட்டி போட்டால் அவருக்கு நாம்தான் தானியமோ பணமோ கொடுப்போம். புழுக்கையும் மூத்திரமும் நிலத்தில் விழுவதற்கு அது கூலி.

இப்படி எழுதிக்கொண்டே போனால் கண்ணில் நீர் வருவது எளிது. ஆனால் அந்தக் குழிக்குள் நான் இறங்கியதில்லை, என் அப்பாவும் இறங்கியதில்லை. சித்திரையில் குப்பை அடிக்கிற காலம் வந்தால் அதை வெட்டி, கூடையில் வாரி, தலைச்சுமையாக வண்டியில் ஏற்றியவர்கள் தெற்கு வளவிலிருந்து வந்தார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் சுமந்தார்கள். கூடையின் அடியிலிருந்து ஒழுகுவது முதுகில் இறங்கும். எங்கள் திண்ணையில் உட்கார இடமில்லாத அவர்களுக்கு எங்கள் குழியில் இறங்க மட்டும் இடம் இருந்தது. மழைக்காலத்தில் ஈயும் கொசுவும் வீட்டுக்குள் குடியேறும். குழியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் காண்டாமிருக வண்டாகித் தென்னங்குருத்தைத் துளைக்கும். அதைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுக்க ஆள் தேட வேண்டும். மேடையில் ‘பாட்டன் முப்பாட்டன் இயற்கையோடு வாழ்ந்தான்’ என்று பேசுகிறவர்கள் இந்தக் கூடையையும் வண்டையும் விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

ஊர்க்கதை இத்தோடு போதும். இப்போது இருப்பது சென்னையில், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், ஏழாவது மாடி. முதன்முதலாக முயல் கூண்டைச் சுத்தம் செய்த இரவு இங்கே ஒரு மாநாடு கூடியது. நடுக்கூடத்தில் ஊறிய காகிதத் துருவல் ஒரு பை. சுற்றிலும் மகள், மருமகன், பேத்தி, நான். இதைப் பச்சைத் தொட்டியில் போடுவதா, நீலத் தொட்டியில் போடுவதா? காகிதம் உலர்குப்பை என்றான் பேத்தியின் பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்த மருமகன். ஈரமாக இருக்கிறதே என்றாள் மகள். பேத்தி முயலைக் கேட்டாள், அது பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை மாடிக்குக் குப்பை எடுக்க வரும் அம்மாள் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “சார், ஈரம்னா ஈரம், உலர்னா உலர். ரெண்டுங்கெட்டான என் வண்டில ஏத்தாதீங்க. கீழ என்னைத்தான் திட்டுவாங்க.” அவர் சொன்னதில்தான் பொருள் இருந்தது. மாநாட்டில் நாங்கள் பேசியதெல்லாம், அவர் கையால் பிரிக்கப் போகிற ஒரு பையைப் பற்றி.

விஷயம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளைச் செயலாளர் அச்செடுத்து வைத்திருந்தார். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்ன விதிகள் அவை. டயபர், நாப்கின்களைச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்ற வரி ஒன்றும் இருந்தது. எங்கள் வளாகம் அதைவிடப் பெரியது. அந்த வரிக்காகவே மூலையில் ஓர் இயந்திரம் வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். அது ஓடிப் பார்த்தவர்களெல்லாம் வீடு காலி செய்து போய்விட்டார்கள்.

முயல் கூளத்தைப் பற்றி மட்டும் விதியில் பேச்சில்லை. செயலாளர் யோசித்தார். உறிஞ்சும் பொருள், அதில் மூத்திரம்; ஆகவே அது டயபர். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. சுற்றறிக்கை வந்தது: வளர்ப்புப் பிராணிகளின் படுக்கைக் கழிவைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் குறியிட்டு, தனியாக வைக்கவும். செய்தித்தாள் இல்லாத வீட்டில் எதில் சுற்றுவது? அதற்கென்று விற்கிற உறைகளை மகள் வரவழைத்தாள். பிளாஸ்டிக். ஆக, மக்கும் காகிதம் பிளாஸ்டிக்கில் வந்து, சில நாள் முயலுக்கு அடியில் கிடந்து, பிளாஸ்டிக்கிலேயே வெளியேறியது. மாசம் முடிந்து கணக்குப் பார்த்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவன், கணக்கு விடாது. படுக்கை வாங்கக் காசு, உறை வாங்கக் காசு, சங்கத்துக் குப்பைப் பராமரிப்புக் கட்டணம். முயல் தின்பதைவிட முயல் நனைப்பதற்குத்தான் அதிகம் செலவாகியிருந்தது.

வளாகத்தை விட்டு வெளியேறிய பிறகு அது எங்கே போகிறது என்பதற்கு நான் பால்கனிக்குப் போனால் போதும். பள்ளிக்கரணைச் சதுப்பு அந்தப் பக்கம்தான். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்பு. அதன் ஓரத்தையே தின்று வளர்ந்ததுதான் பெருங்குடிக் குப்பைமேடு. பல பத்தாண்டுக் குப்பையை இப்போது சலித்துப் பிரித்து எடுக்கிறார்கள். அப்பத்தாவின் குழிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம் காற்று என்று சொன்னால் பாதி உண்மை. புரட்டாமல் அமுங்கிக் கிடக்கிற குவியலுக்குள் காகிதமும் காய்கறியும் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. மீதிப் பாதி உண்மை, குப்பைமேட்டிலிருந்து சித்திரை மாதம் யாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிப் போவதில்லை என்பது.

அக்கம்பக்கத்து யோசனைகளுக்கும் குறைவில்லை. நாலாவது மாடியில் வெள்ளெலி வளர்க்கிறவர் தன் கூண்டுக் காகிதத்தைக் கழிவறையில் போட்டு நீரைத் திறந்தார். காகிதம் உப்பியது, அதற்கப்புறம் குழாய்க்காரருக்குக் கொடுத்த கூலியில் இன்னொரு வெள்ளெலிக் குடும்பத்தையே வாங்கியிருக்கலாம். எரித்துவிடலாமே என்றார் இன்னொருவர். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் போட்ட உத்தரவைச் செயலாளர் உடனே வாட்ஸாப்பில் போட்டார். காகிதமே வேண்டாம், ஃபிளீஸ் துணி விரித்துத் துவைத்துத் துவைத்துப் போடுங்கள் என்றாள் மகளின் தோழி. ஃபிளீஸ் என்பது பாலியெஸ்டர். துவைக்கத் துவைக்க அதன் நுண் இழை நீரில் போகும். நான் என் பழைய பருத்தி வேட்டியை விரித்துப் பார்த்தேன். முயல்கள் அதைத் தின்றன.

மூன்றாவது மாடியில் ஓர் அம்மாள் சமையலறைக் குப்பையை மண்பானையில் உரமாக்குகிறார். ஒருநாள் மின்தூக்கியில் அவர் கையில் செங்கல் அளவுக்கு ஒரு கட்டி. தென்னை நார்க்கழிவு. “காய்கறித் தோலு தண்ணி விடுதுங்க, அதுமேல இத தூவணும், இல்லாட்டி நாறிடும். மாசாமாசம் ஆர்டர் போட்டு வாங்கறேன்” என்றார். என் கையில் சிவப்புக் குறியிட்ட உறை, அதற்குள் அவருக்குத் தேவையான அதே சரக்கு. கார்பன் நிறைந்த உலர்ந்த நார்ப்பொருளை ஒரு வீடு காசு கொடுத்து வாங்குகிறது, நாலு மாடி மேலே இன்னொரு வீடு காசு கொடுத்து ஒழிக்கிறது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு மின்தூக்கி.

சங்கதி எளியது. நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். காய்கறித் தோலில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம். காகிதத்திலும் மரத்தூளிலும் கார்பன் நூறு பங்கைத் தாண்டும், மரத்தூளில் சில நூறு பங்கு. முயல் மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் மலையாகக் கிடந்த நார்க்கழிவை மக்கவைக்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன வழி நினைவுக்கு வந்தது: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால் சுமார் 60 நாளில் 112 பங்காக இருந்த கார்பன் 24 பங்குக்கு இறங்கிவிடும். எங்கள் முயல்கள் அந்த யூரியாவைக் கேட்காமலே கலந்து தருகின்றன.

மூன்றாவது மாடிப் பானைகளில் இரண்டைக் கடன் வாங்கினேன். அவருடைய தோல், எங்களுடைய துருவல். ஒரு பங்கு தோலுக்கு அதே அளவு கூளம், மேலே பழைய உரம் ஒரு கைப்பிடி. கூளத்தை உதிர்த்துப் போட வேண்டும். கட்டியாகப் போட்டால் நனைந்த காகிதம் அட்டையாக இறுகிக் காற்றை அடைத்துவிடும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. மூக்கில் நவச்சார நெடி ஏறினால் மூத்திரம் அதிகம், உலர்ந்ததைச் சேர். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, புரட்டு. இதற்குமேல் விஞ்ஞானம் வேண்டியிருக்கவில்லை. சென்னை வெயிலுக்குக் காகிதம் இரண்டு மூன்று மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போனது. நடுவே பேத்தி ஆசைப்பட்டு வாங்கிய மரச்சீவல் மட்டும் அரை வருஷம் கழித்தும் சீவலாகவே இருந்தது. அதைச் சலித்து மரத்தடியில் மூடாக்காகப் போட்டுவிடலாம். மக்காத மரத்தூளைத் தொட்டி மண்ணில் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மண்ணில் இருக்கிற நைட்ரஜனையும் தனக்கென்று இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும், அப்புறம் கடைக்குப் போய் யூரியா வாங்குவார்கள்.

புழுக்கைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. புல் தின்கிற பிராணி, உலர்ந்த உருண்டை, மாட்டுச் சாணத்தைவிட நைட்ரஜன் கூடுதல். கோழி எருபோலச் சூடேறி வேரைச் சுடாது. அப்படியே தொட்டி ஓரத்தில் தூவலாம். இன்னொரு தகவல் பேத்தியை வெகுவாகக் கவர்ந்தது: முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்று இரண்டாம் முறை செரிக்கும். மறுசுழற்சியில் நாம் எல்லோரும் அதற்கு இளையவர்கள்.

மண்புழு விடலாமா என்று பேத்தி கேட்டாள். சென்னை புதுக்கல்லூரியில் இருந்த சுல்தான் இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாதீர்கள், நம் மண்ணிலேயே இருக்கிறது என்று பல காலமாகச் சொல்லிவருகிறவர். லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவை அவர் பிரபலமாக்கியதால்தான் எனக்கு அந்தப் பெயரே தெரியும். புழுவுக்குப் புழுக்கை விருந்து. ஆனால் புது மூத்திரக் கூளத்தின் உப்பும் நவச்சாரமும் அதற்கு ஆகாது, பானையில் சில வாரம் ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பூங்காவில் மழைக்குப் பின் பேத்தியும் நானும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் காவலாளி ஏதோ புதைக்கிறோம் என்று நினைத்து ஓடிவந்தார்.

கையுறை இல்லாமல் தொடாதே என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால் அவள் பக்கம்தான் நியாயம். வெள்ளெலிகளிடமிருந்து கர்ப்பிணிகளுக்கு ஆபத்தான வைரஸ் ஒன்று வரக்கூடும். நாலாவது மாடிப் பெண் கருவுற்றதும் கூண்டு சுத்தம் செய்யும் வேலையைக் கணவருக்கு மாற்றியது அதனால்தான். முயலுக்குச் சிரங்கு வந்து கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் போட்டபோது, அந்த நாட்களின் கூளத்தைப் பானைக்குக் காட்டவில்லை. புழுவைக் கொல்லும் மருந்து பானைப் புழுவை மட்டும் விட்டுவைக்குமா? நோயாளியின் படுக்கை சிவப்புக் குறி உறைக்கே போனது. அந்த ஒரு விஷயத்தில் செயலாளரின் சுற்றறிக்கை எங்களைவிடத் தெளிவாக இருந்தது.

ஆறாவது மாடிப் பூனைவீட்டுக்காரரோடுதான் மனஸ்தாபம். அவரும் தன் பூனை மணலைப் பானையில் சேர்க்கச் சொன்னார். முடியாது என்றோம். பூனை கறி தின்கிற பிராணி, அதன் மலத்தில் டாக்சோபிளாஸ்மா இருக்கக்கூடும், பானைச் சூட்டில் அது சாகும் என்று நம்பிக் கீரை சாப்பிட முடியாது. மணலோ பென்டோனைட் களிமண், எத்தனை வருஷம் வைத்தாலும் களிமண்தான். “முயலுக்கு ஒரு நீதி, பூனைக்கு ஒரு நீதியா?” என்று அவர் கேட்டது குழுவில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதற்குள் மொட்டைமாடியில் கீரை எழுந்துவிட்டது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் வாங்கிய மாடித்தோட்டப் பைகள் அங்கே சிலரிடம் வெறுமனே கிடந்தன. மூன்றாவது மாடி அம்மாள் எங்கள் பானை உரத்தைப் போட்டு அரைக்கீரை எடுத்து வீட்டுக்கு வீடு ஒரு கட்டுக் கொடுத்தார். அந்தக் கட்டுதான் வினை. மறுவாரம் ஒருவர் பின்னொருவராக வந்தார்கள். ரோஜாவுக்கு ஒரு கிலோ கிடைக்குமா என்று ஒருவர். தோட்டக்காரர், “சார், அத வெளில போடாதீங்க, செம்பருத்திக்கு நானே எடுத்துக்கறேன்” என்றார். குப்பை எடுக்கும் அம்மாள் தன் வீட்டு முருங்கைக்கு ஒரு பை கேட்டார், அவருக்குத்தான் முதலில் கொடுத்தோம். வெள்ளெலி வீட்டுக்காரர் தன் கூண்டுக் காகிதத்தைத் தாமாகவே கொண்டுவந்து வைத்தார். பானை போதாமல் இன்னும் நாலு வந்தன.

டயபர் என்ற பட்டம் சத்தமில்லாமல் நீங்கியது. அடுத்த சுற்றறிக்கையில் அதே பொருளுக்கு ‘வளாக இயற்கை உரம்’ என்று பெயர். பானைகள் இருப்பது பொதுமாடியில், ஆகவே அதில் விளைவது பொதுச்சொத்து. வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ, அதற்குமேல் வேண்டுமென்றால் கட்டணம். முயல் வீட்டுக்கும் அதே அரைக் கிலோ.

பேத்தி கொதித்துப் போனாள். “அப்புச்சி, முயல் நம்முது, பேப்பர் நாம வாங்கறது, கிளீன் பண்றது நானு. அவங்களுக்கு எப்படி அரைக் கிலோ, நமக்கும் அரைக் கிலோ?” என்றாள். நியாயமான கேள்வி. முயல் கூளத்தில் பாதி யாருக்கு என்று பங்காளிகள் மோதியதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் அனுபவம் உண்டென்று சொன்னேன். உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். பிராணி வளர்க்கும் வீடுகளுக்கு மூலப்பொருள் வழங்குவோர் என்ற வகையில் இரட்டைப் பங்கு, குப்பை எடுப்பவருக்கும் தோட்டக்காரருக்கும் கட்டணமில்லாப் பங்கு, பானை இரவல் தந்தவருக்குத் தேய்மானம். செயலாளரின் பதில் அன்றிரவே வந்தது: பிராணி உறுப்பினருக்குச் சொந்தம் என்பதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கழிவு பொதுப்பானையில் விழுந்த கணத்திலிருந்து உரிமை சங்கத்துக்கு மாறுகிறது. எந்த விதிப்படி என்று மகள் கேட்டிருக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பொதுக்குழு. பூனைவீட்டுக்காரர் பேச நேரம் கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.